கீழ்வீட்டு கிரைண்டர்

திண்டுக்கல்லில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் ஜெயராணி அக்கா. இரண்டு குடும்பமும் ஒரே நாளில் குடிவந்தோம். அன்றே வீட்டுக்காரர் பில் கட்டுவதற்கு ஆளுக்கொரு கரண்ட் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை எங்கள் பில் மூன்று மடங்காக வந்தது. அக்கா அப்போதுதான் பெரிய கிரைண்டர் வாங்கி மாவு விற்க ஆரம்பித்திருந்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே போய், என் கார்டில் இருந்த நம்பரைத் தேடி, அந்த மீட்டரின் மெயின் சுவிட்சை அணைத்தேன். கீழ்வீட்டு கிரைண்டர் டக்கென்று நின்றது.

"எங்க கரண்ட்டுல மாவாட்டி விக்கிறீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

மாவுக் கையோடு வெளியே வந்த அக்கா மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே எங்கள் டிவி பாடிக்கொண்டே இருந்தது.

கார்டு இரண்டும் முதல் நாளே மாறிப்போயிருந்தன. அப்படியென்றால் எங்கள் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இத்தனை நாள் பணம் கட்டியது அக்காதான்.

"நாலு லைட்டு, ரெண்டு ஃபேனுக்கா இம்புட்டு வருதுன்னு நெனப்பேன். வந்தா கட்டத்தானே வேணும்னு கட்டிருவேன்" என்றார். "மெயினைப் போடு தாயி, மாவு பாதியில நிக்கிது."

அக்கா கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "அதுக்குப் பதிலா மிச்ச மாவை உங்க ஃபிரிட்ஜுல வச்சுக்கிறேன்" என்றார்.

அந்த வீட்டைக் காலி செய்யும்வரை ஃபிரிட்ஜில் பாதி இடம் அவருடைய மாவுக்குத்தான். தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம், இரண்டு வருஷம் வாய் திறக்காமல் கட்டியவரையும், ஒரே பில்லுக்கு ஊரைக் கூட்டிய என்னையும் நினைத்துக்கொள்வேன்.