ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டும் வீடு

வீட்டுத் தரகு வேலையில் பொய்யே சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டை எந்த நேரத்தில் காட்டுவது என்று தெரிந்தால் போதும்.

மேற்குப் பார்த்த வீடா, காலை பத்து மணிக்குள் காட்டிவிட வேண்டும். தாழ்வான மனையா, ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது. ரயில்வே கேட் ஓரமா, இரண்டு ரயிலுக்கு நடுவில் பார்ட்டியை உள்ளே கூட்டிப்போய் வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். ஸ்பீக்கர் கட்டிய கோயில் பக்கமா, மார்கழி முழுக்க சாவி எங்கேயோ தொலைந்து போயிருக்கும். கடலூரும் சிதம்பரமுமாக அலைந்து இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் என் பிழைப்பு ஓடியிருக்கிறது. வீடு தேடி நொந்து போன வாசகர்களே, உங்களில் யாரையாவது நானே ஏமாற்றியிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், அந்த வித்தை என் தலையிலேயே வந்து விடிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

விலைக்கு வந்த அந்த வீடு சிதம்பரத்தில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, நல்ல தண்ணீர், மொட்டை மாடி, வாசலில் ஒரு பன்னீர் மரம். ஒரே ஒரு சங்கதி, கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை, அத்தனையும் தொண்டை. பள்ளிக்கூடத்தை மறைக்க முடியாதுதான். ஆனால் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதனால் அந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் நான் திறந்ததே கிடையாது.

வாய்ப்பாடு

முதலில் வந்தவர் கடலூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர். மனைவிக்கு அண்ணாமலை நகரில் வேலை கிடைத்ததால் சிதம்பரத்தில் வீடு தேடினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப்போனேன். ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடா, என்னா அமைதி சார்! கோர்ட்டு கூச்சல் கேட்டுக் கேட்டு காதே புண்ணாப் போச்சு" என்றார். நான் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டே தலையையும் ஆட்டினேன்.

மறுநாளே மனைவிக்கு வெளியிலிருந்தாவது வீட்டைக் காட்டுகிறேன் என்று எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். பதினொரு மணிக்கு போன் வந்தது. எடுத்தால் அவர் பேசவில்லை. போனைச் சுவர்ப் பக்கம் நீட்டியிருக்கிறார் போல. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவது கேட்டது. ஒரு பாடம் முழுக்க என்னைக் கேட்க வைத்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஏழாம் வாய்ப்பாடு எனக்கு மறந்து போயிருந்துச்சு சார், இன்னிக்கு நல்லா ஞாபகம் வந்துடுச்சு. வீடு வேணாம்."

மாடி விளைச்சல்

பார்ட்டி வருவதற்கு முன்பு நான் போய் மாடியைப் பெருக்கிவிடுவது வழக்கம். வாரம் முழுக்க பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது பறந்து வந்து விழுந்து கிடக்கும். திட்டக்குடியிலிருந்து ஒரு பெரியவர் மகளுக்கு வீடு பார்க்க வந்தார். கரும்பும் நெல்லும் போடுகிறவர். அன்றைக்கு எனக்கு காலையிலேயே வேறொரு இடத்தில் வேலை, மாடியை மறந்துவிட்டேன். அவரோ கீழே எதையும் பார்க்காமல், ஒழுகுமா என்று பார்க்க நேராக மாடிக்கு ஏறிவிட்டார்.

நான் பின்னாடியே ஓடினேன். அங்கே மூன்று ரப்பர் பந்து, ஒரு ஸ்கேல், டிபன் பாக்ஸ் மூடி, ஒற்றைக் கால் ஷூ ஒன்று, கணக்கு நோட்டைக் கிழித்துச் செய்த ராக்கெட்டுகள் ஒரு பத்துப் பதினைந்து. பெரியவர் நிதானமாக ஷூவை எடுத்து, தன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த மைதானத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, மாடியில இவ்ளோ வெளஞ்சி கெடக்குதே, வெதச்சவன்லாம் இன்னிக்கு லீவா?"

வயிற்று வலி

இதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் வேண்டும் என்கிற ஒருவரைப் பிடித்தால் என்ன? கடலூர்ப் பக்கத்து மீனவ ஊர்க்காரர் ஒருவர், போட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு சிதம்பரத்தில் மீன் கடை வைத்திருந்தார். மூன்றாவது படிக்கும் ஒரே மகள். அவரிடம் முதன்முறையாக உண்மையைச் சொல்லி, பள்ளிக்கூடத்தையே சரக்காக விற்றேன். அவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "ரோடு கூட தாண்ட வேணாம், செவுத்துக்கு மேல தூக்கிக் குடுத்துடலாம் போலருக்கே" என்று சிரித்தார்.

அந்தச் சின்னப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் போய் எட்டிப் பார்த்தாள். மாடிக்குப் போனாள், இறங்கி வந்தாள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள்.  காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இங்க இருந்தா வயித்து வலின்னு லீவு போட முடியாது அங்கிள், டீச்சர் எட்டிப் பாத்துடுவாங்க."

கடலூர் ஓனர்

இப்படி அந்த வீடு மாதக்கணக்கில் என் சாவிக் கொத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான், நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பையனுக்குக் கல்யாணமாம். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கும் நான் இன்னும் வாடகை வீட்டில். கேட்பவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன், உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும். இந்தத் தடவை சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று நானும் என் மனைவி கலாவும் முடிவு செய்தோம். எங்கள் கைக்கு எட்டுகிற வீடு என்று சிதம்பரம் முழுக்கத் தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. எது என்று நான் சொல்லவே வேண்டாம்.

கலா ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலை எட்டரைக்கு வந்து, இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு, மூன்று மணி வரை தூங்குவாள். அந்தத் தூக்கம் கெட்டால் மறுநாள் வார்டில் ஊசி எடுக்கும் கை நடுங்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடமோ சரியாக அந்த நேரம்தான் நடக்கும். வாங்கினால் அவள் தூக்கம் போகும். விட்டால் அடுத்த மாதம் சாமானோடு தெருவில் நிற்க வேண்டும். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். சாவிக் கொத்தைச் சுற்றிச் சுற்றி விரலே காய்த்துப் போனது.

கடைசியில் கடலூருக்கு பஸ் ஏறி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்க வீட்டின் சொந்தக்காரரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட இரைச்சலைக் காரணம் காட்டி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.  அவர் குறைக்கவும் குறைத்தார், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஸ்டூடண்ட்ஸ் லாட்ஜ் நடத்துகிற ஒருவருக்கு முடித்துவிடுவேன் என்று கெடுவும் வைத்தார். ஆனால் சும்மா விடவில்லை.

"ஏன்யா, எனக்கு வித்துத் தரேன்னு சாவிய வாங்குறப்ப, 'புள்ளைங்க சத்தம்லாம் ஒரு கொறையா சார், லச்சுமி கடாட்சம்'ன்னு சொன்னவன் நீதான?"

என் வீட்டுப் பார்ட்டி

கலாவைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினேன். வாசலில் நின்று பன்னீர் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். சமையலறை ஜன்னல் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேடை உயரம் சரியாக இருக்கிறதா என்று கையை ஊன்றிப் பார்த்தாள். பீரோ இங்கே, கட்டில் அங்கே என்று அவள் வாய் தன்னால் சொல்லிக்கொண்டே போனது. நானும் பழக்க தோஷத்தில், "காத்து பாரு, வெளிச்சம் பாரு" என்று பார்ட்டிக்குச் சொல்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். கிழக்குப் பக்கம் மட்டும் அவளைத் திரும்ப விடவில்லை.

படுக்கையறைக்கு வந்ததும் நேராகக் கிழக்குப் பக்கம் போனாள். ஜன்னலைத் திறந்தாள். அந்தப் பக்கம் பூட்டிய வகுப்பறைகளும், யாருமில்லாத மைதானமும். இத்தனை வருஷமாக நான் வீட்டுக்கு வந்து, இன்னாரை இன்ன நேரத்தில் கூட்டிப்போய் எப்படி மடக்கினேன் என்று பெருமையடித்துக்கொண்டதை எல்லாம் சோறு போட்டுக்கொண்டே கேட்டவள் அவள். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"ஏன் மாமா, எனக்குமா ஞாயித்துக்கெழம?"

திங்கட்கிழமை

சத்தியமாகச் சொல்கிறேன், அவளை ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பழக்கத்தில் வண்டி அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போகும், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரிதான் இன்னொன்றும் உறைத்தது. வேலை நாளில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது! குமாஸ்தா போனில் கேட்க வைத்ததோடு சரி. ஊரை ஏமாற்ற மூடி வைத்ததை நானும் திறந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் நடு ஹாலில் உட்கார்ந்தேன். முதல் மணி அடித்தபோது எழுந்துவிட்டேன். மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, பல் கூசியது. பிரேயர், உறுதிமொழி, வாய்ப்பாடு, இன்டர்வெல். இன்டர்வெல்லைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மனசு கேட்காமல் பள்ளிக்கூடத்துக்கே போய் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டை வாங்கலாம் என்று இருக்கிறோம், பிள்ளைகளைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கோபப்படவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணாங்கிளாஸ்ல சத்தம் வரலன்னா அதுங்க ஏதோ பண்ணுதுங்கன்னு அர்த்தம் சார், நான் அப்பதான் எழுந்து ஓடுவேன்."

செவ்வாய்க்கிழமை

விஷயத்தைக் கேட்ட கலா, "நீ என்னா கேட்டு வந்து சொல்றது? தூங்கப்போறவ நானு. நாளைக்கு டூட்டி முடிச்சிட்டு நேரா அங்க போயி படுத்துப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமையில் யாரும் வீடு பார்க்க மாட்டார்கள், என் தொழிலிலேயே அன்றைக்குச் சாவி எடுக்க மாட்டோம் என்றேன். "தூங்குறதுக்கு எதுக்கு மாமா நல்ல நேரம்?" என்றாள்.

பாயும் தலையணையும் கொண்டுபோய் அந்தப் படுக்கையறையில் போட்டேன். ஒன்பது மணிக்குப் படுத்தாள். நான் வெளியே. ஆனால் வெளியே எங்கே நிற்பது? டீக்கடைக்குப் போனேன், திரும்பி வந்தேன். பிரேயர் தொடங்கியதும் ஐயோ எழுந்திருப்பாளே என்று கேட்டைத் திறந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். புரண்டு படுத்தாள். வாய்ப்பாட்டுக்கு ஒரு தடவை. இன்டர்வெல்லில் பந்து வந்து விழுந்தால் சத்தம் கேட்குமே என்று மாடிக்கே போய் நின்று, வந்த இரண்டு பந்தையும் கேட்ச் பிடித்துத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். நான் உதட்டில் விரல் வைத்து உஷ் என்றேன், அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். சாப்பாட்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பிட்டு முடிந்த பிறகு மூன்று தடவை. இவள் தூங்கவில்லை என்றால் வீடு இல்லை, தூங்கிவிட்டால் வீடு. ஒரு மனுஷி தூங்குகிறாளா என்பதற்காக நான் இவ்வளவு பதறியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு கலா முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. போச்சு என்று நினைத்தேன். இந்த வீடு வேணாம், வேற பாக்கலாம் என்று நானே சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுங்க சத்தம் ஒரே சீரா வந்துச்சு மாமா, வார்டு மாதிரி. அதுல நல்லாத்தான் தூங்குனேன். கேட்ட தொறந்து தொறந்து, சாவிய ஆட்டிக்கிட்டே வந்து எட்டிப் பாத்து, ஏழு தடவ எழுப்பி உட்டது நீதான். வீட்ட வாங்கு, மொதல்ல அந்தக் கேட்டுக்கு எண்ண போடு."

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் புதன்கிழமையே கடலூருக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இத்தனை மாதமும் அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விற்கப் பார்த்தவன், யாருக்கும் காட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஆறு நாளையும் கடைசியில் நானே வாங்கிக்கொண்டேன்.