அண்ணனின் புருவ முடி

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுகிற ரகம். அப்படிப்பட்டவள் போயும் போயும் தவளைக் கருவை வைத்து ஆராய்ச்சி செய்ய உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அதுதான் என் வேலை. தவளைக்கு முதலில் முளைக்கும் சிறுநீரகம் ரொம்பச் சின்னது, கழுத்துப் பக்கம் சுருண்டு கிடக்கும் ஒரு குழாய். மனிதக் கருவில் சிறுநீரகம் உருவாகும்போது நடப்பவற்றில் பல இங்கேயும் நடக்கின்றன. என்ன, இது கண்ணாடித் தட்டில் நம் கண் முன்னால் நடக்கும். அந்தக் குழாய் உருவாகப்போகிற இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பேன். தண்ணீரில் கிடக்கிற உயிர், உடம்புக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். வெளியேற்ற வழியில்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வயிறு ஊதி மினுங்கும். எந்தக் கரு எத்தனை மணிக்கு ஊத ஆரம்பித்தது என்று விடாமல் நோட்டில் எழுதுவேன்.

இந்த வேலைக்குக் கத்தி ஆகாது. கடுகளவு கரு, கத்தி பட்டால் கூழாகிவிடும். புருவ முடிதான் கருவி. வேரோடு பிடுங்கி, கண்ணாடிக் குழாயின் முனையில் நகப்பூச்சு வைத்து ஒட்ட வேண்டும். தலைமுடி தொய்யும். புருவ முடி விறைப்பாக, முனை கூராக இருக்கும். என் புருவம் ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது. பிறகு அண்ணன் மாட்டினான்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தான். மழை பெய்த மறுநாள் விடிந்ததும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி சேரன்மகாதேவி வயல்களுக்குக் கூட்டிப்போவான். ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி மிதக்கும் முட்டைகளை நான் வாளியில் அள்ளும்போது அவன் வரப்பில் நின்று கேலி பேசுவான். “ஊர்ல பொம்பளப் பிள்ளைக கோலத்துக்குப் பூப் பறிக்கும். நீ தவள முட்ட பொறுக்குத.”

ஞாயிறு காலையில் வாசல் வெயிலில் உட்காரவைத்து, இடுக்கியால் இரண்டு மூன்று முடி பிடுங்குவேன். “பைய, ஏட்டி. கலியாணத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வை” என்பான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, இடுக்கியில் முடி சிக்கவில்லை. புருவத்துக்குக் கீழே இமை உப்பி, தோல் பளபளவென்று வழுக்கியது. எனக்கோ அவசரம். ஆய்வகத்தில் கருக்கள் சரியான பருவத்தில் இருந்தன, ஒரு மணி நேரம் விட்டால் போயிற்று.

“குடிச்சியா?” என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் அது லேசான கேள்வி அல்ல. அப்பாவைக் கொண்டுபோனது குடி. அவர் முகமும் காலையில் இப்படித்தான் உப்பியிருக்கும். அண்ணன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. என் கையை விலக்கிவிட்டு எழுந்தான். “வெல்டிங் வெளிச்சம்” என்றான். அதோடு மூன்று வாரம் பேசவில்லை. வயலுக்கு மட்டும் வாய் திறக்காமல் கூட்டிப்போனான். அந்த மௌனத்தையே நான் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து சில நாள். ஊதிப்போன கரு ஒன்றை நுண்ணோக்கியின் கீழே வைத்து, அண்ணன் புருவ முடியால் பைய புரட்டினேன். தோல் மினுங்கியது. இந்தப் பளபளப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அண்ணனின் இமையில். நோட்டைக்கூட மூடாமல் பேட்டைக்கு பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல், பஸ் நின்றது. இறங்கி நடந்தேன். பாலம் முடிவதற்குள் அதே பஸ் என்னைத் தாண்டிப் போனது.

பட்டறையில் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். குனிந்து அவன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, உள்ளே நீர் கோத்திருந்தது.

“ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா?”

“என்ன கேள்வி கேக்குத? ஆளுக நிக்காவல்லா.”

“நுரைக்குதா, இல்லையா?”

“நுரைக்குது” என்றான், தரையைப் பார்த்து.

சிறுநீரைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற சோதனைதான். சோதனைக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கொதி வந்ததும் மேல்பாதி, வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரண்டது. இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டேன். கரையவில்லை. வெறும் உப்பாக இருந்தால் கரைந்திருக்கும். ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் அவன் சிறுநீரகம் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. குழாயைக் கையில் பிடித்தபடியே அழுதேன்.

மறுநாள் சிறுநீரக மருத்துவர் அவனைப் பரிசோதித்தார். “இன்னும் தள்ளிப்போட்டிருந்தா ரெண்டு சிறுநீரகமும் கெட்டிருக்கும். வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொரு கருவுக்கும் மணிக்கணக்கு எழுதியவள், இதை எங்கும் எழுதியிருக்கவில்லை.

அண்ணன்தான் சொன்னான். “தீவாளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம, டாக்டர். இவதான் மொதல்ல பாத்தா.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பெருமையாகச் சொன்னான். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே போய் நின்றேன்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் மாத்திரை, உப்பில்லாச் சோறு. வாரம் ஒரு தரம் ஆய்வகத்தில் நானே காய்ச்சிப் பார்ப்பேன். தெளிகிற மாதிரி இருக்கும், மறுபடி கலங்கும். அந்த விளக்கின் முன்னால்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருந்தேன். கடைசியில் தெளிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, அவனே வாசலில் வந்து உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான்.

“அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பு” என்றேன்.

“பொறவு பேசலாம். இப்பம் முடியப் பிடுங்கு. வேல கெடக்கு.”

நான் குனிந்து அவன் கணுக்காலை அழுத்தினேன்.

“முடி அங்கன இல்ல, ஏட்டி.”

“சும்மா இரு.”

விரலை எடுத்ததும் தோல் உடனே நிமிர்ந்தது. அதன் பிறகுதான் இடுக்கியை எடுத்தேன்.