நாலாம் நம்பர் பந்து

நீச்சல் குளத்தில் ஆடும் வாட்டர் போலோவில் பெண்களுக்குத் தரும் பந்து ஆண்களுடையதைவிடச் சின்னது. ஆண்களுக்கு ஐந்தாம் நம்பர், பெண்களுக்கு நாலாம் நம்பர். கோல் காப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே கையால்தான் பந்தைத் தொட வேண்டும் என்பதால், கைக்கு ஏற்ற அளவு என்று விதி செய்தவர்கள் சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. சின்னப் பந்து என்றால் சின்ன மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. எங்கள் ஊரான கிள்ளானில் குளத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகுதான் எங்களுக்கு இடம். அவர்களுடைய ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஈரத் தரையில் நிற்போம். நீரில் இறங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்காது, காவலாளி விசில் ஊதிவிடுவார். ஒருநாள் வயிறு எரிந்துபோய் வாட்டர் போலோ சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரே குளம், ஒரே நேரம், ஒரே பந்து. மூன்றே கோரிக்கைகள். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

உடனே எல்லாம் கிடைத்துவிடவில்லை. நாயாய் அலைந்த பிறகு, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று கொடுத்தார்கள். பந்து விஷயத்தில் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாலாம் நம்பர் பந்துகளை வலைப்பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டோர் ரூமில் தீபாவளி விளக்குகளுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நான் பயிற்சி கொடுத்த பெண்கள் ஐந்தாம் நம்பரிலேயே பழகினார்கள். அந்த அணியோடு அம்பாங்கில் ஒரு போட்டிக்குப் போனோம். நடுவர் விதிப்படி சின்னப் பந்தைத்தான் போட்டார். எங்கள் பெண்கள் எறிந்ததெல்லாம் கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது.

"என்ன ஆன்டி இது, கையில எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு," என்றாள் அணியிலேயே இளையவள். நான் நேராகப் போய் நடுவரைத் திட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பெண்தான் இன்று எங்கள் அணியின் கேப்டன். வங்கியில் வேலை பார்க்கிறாள்.

இந்த வருடம் சங்கச் செயலாளர் என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னார். சேலைக்கடைக்கு மேல்மாடியில்தான் சங்கத்தின் அறை. நான் உட்கார்ந்ததும், "அக்கா, உங்களுக்கு நல்ல செய்தி. இனிமே சனிக்கிழமை தனியா இல்ல. ஆம்பள பொம்பள எல்லாரும் ஒண்ணா ட்ரெய்னிங்," என்றார்.

"யார் கேட்டா?" என்றேன்.

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். என் கடிதம். "நீங்கதான் லா கேட்டீங்க. ஒரே குளம், ஒரே நேரம், ஒரே பந்து."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆயுள் முழுக்கக் கேட்டது கிடைத்திருக்கிறது, ஏன் சந்தோஷமே வரவில்லை? யோசித்துக்கொண்டே கிள்ளானைத் தவறவிட்டு, அடுத்த நிலையமான தெலுக் பூலாயில் போய் இறங்கினேன்.

சனிக்கிழமை குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனால் பந்து ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்கே போனது. கேப்டன் கோலுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டே மிதந்தாள். அரைமணி நேரத்தில் அவளிடம் ஒரே ஒரு முறை பந்து வந்தது, அதுவும் கை தவறி. அடுத்தடுத்த வாரங்களில் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நாலு பேர்தான் மிச்சம். ஏழு பேர் இல்லையென்றால் அணியே கிடையாது.

கேப்டன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "ஆன்டி, அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குத் திருப்பி வேணும். சின்ன பந்தும் வேணும்."

"சின்ன பந்தா? இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே ஆன்டி."

குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு அதுதான் வரும்.

மறுவாரம் அவளையும் கூட்டிக்கொண்டு மேல்மாடி ஏறினேன். செயலாளர் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒண்ணா வேணுமா, தனியா வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க லா. நான் எழுதிக்கணும்."

"தெரியல தம்பி," என்றேன். அந்த அறையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெள்ளைத் தாளை வாங்கிக் கேப்டன் பக்கம் தள்ளினேன். "நீ எழுதும்மா."

சனிக்கிழமை தங்களுக்கு மட்டும், தங்கள் பந்தோடு என்று எழுதினாள். புதன்கிழமை ஆண்களோடு சேர்ந்தும் ஆட வேண்டும் என்று அதற்குக் கீழேயே எழுதினாள். தனியாகவும் வேண்டும், சேர்ந்தும் வேண்டும் என்றால் அது எந்த ஊர்ச் சமத்துவம்? கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அது எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை.

அந்தத் தாளைக் கையோடு எடுத்துவந்து, நின்றுபோனவர்களையெல்லாம் அவள் போனில் கூப்பிட்டு, இரண்டு நாளில் எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கிவந்தாள். நான் ஸ்டோர் ரூமிலிருந்து பந்துகளை எடுத்துக் கழுவிக் காற்றடித்தேன். இரண்டு வெடித்துப்போயிருந்தன, மற்றவற்றில் காற்று நின்றது. பிறகு அந்தத் தாளை வாங்கி, ஏழு பெண்களின் பெயர்களுக்குக் கீழே எட்டாவதாக என் கையெழுத்தைப் போட்டேன்.