கமெராவுக்குத் தைத்த உறை

கறுப்பு அபாயாத் துணியில் கமெராவுக்கு ஓர் உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார் ராத்தா. ஓரத்தில் வெள்ளிச் சரிகை, வாயில் இழுத்துக் கட்டக் கயிறு. வகுப்பே சிரித்தது. "கமெராவுக்கும் பர்தா போட்டாச்சா ராத்தா?" என்று கேட்டது நான்தான். "ஓம் புள்ள, அதுக்கும் மானம் இரிக்கிதானே" என்றார். அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. கல்முனையில் ஒரே பயிற்சி வகுப்பில் படித்தோம். மூத்தவர் என்பதால் எனக்கு ராத்தா.

சண்டை முடிந்த வருடம் அது. சுனாமிக்கென்று வந்த திட்டங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. போகிறபோக்கில் யாரோ கொடுத்துவிட்டுப் போன கமெராக்களையும் கணினிகளையும் வைத்து, கூலிவேலையும் கடைவேலையும் செய்கிறவர்களுக்கு வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்தது எங்கள் சமுதாயக் கல்லூரி. நாங்கள் பலபேர் சான்றிதழுக்குப் போனோம். ராத்தா பிழைப்புக்குப் போனார். கணவரையும் தையல் மெஷினையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வாடகை மெஷினில் அபாயா தைத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்குள் ஆண் கமெராக்காரர் வரமுடியாது. அதனால் மணப்பெண்ணுக்குத் தன் கல்யாணத்திலேயே தன் படம் மிஞ்சாது. அங்கே ஒரு தொழில் காத்துக்கிடப்பதை முதலில் கண்டவர் ராத்தாதான்.

கல்லூரிக் கமெராவை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அக்கரைப்பற்றிலிருந்து கூப்பிட்டார்கள், பொத்துவிலிலிருந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணின் உம்மாவிடம் ஒரே வாக்குத்தான் கொடுப்பார்: "ஆம்பளக் கண் படாது. அதுக்கு நான் பொறுப்பு." அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் அவர் முன்னால் முக்காட்டை எடுத்தார்கள், சிரித்தார்கள், ஆடினார்கள்.

அவரிடம் கணினி இல்லை. கல்லூரிக் கணினியில் வேலையை முடித்து, சீடியில் பதிந்ததும், கணினியில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் எழும்புவார். ஒருநாள் மதியம் லுஹர் தொழ எழுந்து போன நேரத்தில், அந்த அறைக்குப் பொறுப்பான உதவியாளர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு அவரே அதை ஒத்துக்கொண்டார். மணப்பெண் தோழிகளோடு ஆடிய ஒரு துண்டு புளூடூத்தில் கைக்குக் கை மாறி, கடைசியில் அவளோடு கூடப்பிறந்த காக்காவின் தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது. அவர் வந்து சத்தம்போட்டது உதவியாளர் வீட்டு வாசலில் அல்ல, ராத்தாவின் வாசலில்.

கல்லூரி விசாரணைக்கு ஒரு குழு வைத்தது. எல்லாரும் ஊரில் மதிப்பான மனிதர்கள், எல்லாரும் ஆண்கள். வீடியோவில் பிழையான காட்சி ஏதும் உண்டா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். "பாக்கிறதெண்டா டீச்சர்மாரில ஒராளக் கூப்பிட்டுக் காட்டுங்க சேர்" என்று ராத்தா கெஞ்சினார். அது சட்டப்படி சரிவராதாம். கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை அல்ல, உதவியாளர் எடுத்த பிரதியில் முழுக் கல்யாணத்தையும் போட்டுப் பார்த்தார்கள். ராத்தாவும் துணைக்குப் போன நானும் வெளியே விறாந்தையில் இருந்தோம். உள்ளே பெண்கள் குரவையிடும் சத்தம் கேட்டது. தேநீர் போனது, பிறகு பிஸ்கட்டும் போனது. ராத்தா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. "படத்தில பிழை ஒண்டும் இல்ல. ஆனா ஆம்பளையள் பாக்கக்கூடாத படம். இனி நீங்க இந்த வேலைக்குப் போக வேணாம்" என்றார் தலைவர்.

"பாக்கக்கூடாதெண்டு எப்பிடித் தெரியும் சேர்? பாத்துத்தானே?" என்றார் ராத்தா. அவர் கமெராவை மேசையில் வைத்து, உறையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உதவியாளருக்கு வேறு ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது, அதுவும் அவர் கேட்டிருந்த ஊராம். ராத்தாவுக்குத் திரும்பவும் வாடகை மெஷின்.

போன மாதம் என் மகளின் கல்யாணம். பெண்கள் பக்கத்தில் தொலைபேசி இல்லாத கை இல்லை. யார் எடுக்கிறார்கள், எங்கே அனுப்புகிறார்கள் என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. ராத்தா மூலையில் ஒரு கதிரையில் இருந்து, மடியில் அதே கறுப்பு உறையைத் திறந்து வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தார். ஆசையாக என் தொலைபேசியை நீட்டி, "ராத்தா, இங்க பாருங்க" என்றேன்.

"வேணாம் புள்ள, ஆராரெல்லாம் கூடியிருந்து பாப்பாங்களோ" என்று உறையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். என்னிடம் இருக்கும் படத்தில் ராத்தா இல்லை. கறுப்புத் துணியும் வெளுத்த சரிகையும்தான் இருக்கின்றன.