கேண்டிலுக்குப் போட்ட கஞ்சி

தாட்சாயணியின் கை நகரி ஊர்த் தறிகளில் நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை. தறியை விட்டுத் திருப்பதிக்கு வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. லாட்ஜ் வாட்ச்மேனான புருஷன் ரங்கையாவின் யூனிபார்ம் தகரம் போல விறைத்து நிற்கும். "இதப் போட்டுக்கினு குந்துனா சட்டை ஒடஞ்சிடும்போல கீது" என்பார் அவர்.

பெங்களூர் கம்பெனியில் இருக்கும் மகன் கிரண்குமார், பிள்ளை பிறந்ததும் ஒரு ஸ்டீல் தண்ணீர் ஃபில்டரைக் கொண்டுவந்து வைத்தான். மேலடுக்கில் ஊற்றும் தண்ணீர் இரண்டு வெள்ளைக் கேண்டில்கள் வழியாகக் கசிந்து கீழே சேரும்.

"கேண்டில அப்பப்ப தேச்சி, வென்னீர்ல கொதிக்க வெய்மா. சோப்பு மட்டும் ஆவாது" என்று வாத்தியார் மாதிரி விரலாட்டிவிட்டுப் போனான்.

மருமகள் கலைவாணி கைக்குழந்தையோடு முதல்முறை வருவதற்கு முந்தின நாள், தாட்சாயணி கேண்டில்களைத் தேய்த்தாள். மாவு மாவாக உதிர்ந்தது. கரைந்தே போய்விடுமோ என்று பயம். பிசிர் விடும் நூலுக்கு என்ன செய்வாளோ, அதையே செய்தாள். சோப்புதானே ஆகாது? சோறு வடித்த கஞ்சியில் கொதிக்கவைத்துக் காயவைத்தாள்.

காலையில் மேலே ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது.

"இன்னாடி, உன் ஃபில்டரும் விரதமா?" என்றார் ரங்கையா.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் அவசரமாகக் குழாய்த் தண்ணீரை மொண்டு, கீழடுக்கில் ஊற்றி மூடினாள்.

கலைவாணி வந்ததும் ஒரு டம்ளர் குடித்தாள். "ஃபில்டர் தண்ணின்னா தனி ருசிதான் அத்தே."

"எங்க ஊட்டம்மா மெயின்டெனன்ஸ் அப்பிடி" என்றார் ரங்கையா. தாட்சாயணி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

குழந்தை அழுதது. கலைவாணி பாட்டிலில் பால்பவுடரைப் போட்டு ஃபில்டர் பைப்பைத் திறந்தாள். "கொதிக்க வெக்கறதுக்குள்ள ஊரக் கூட்டிடுவான். ஃபில்டர் தண்ணிதானே."

"அத கீழ வெய்மா" என்றாள் தாட்சாயணி.

"ஏன் அத்தே?"

"அது கொழா தண்ணி." முகமெல்லாம் காந்தியது. "கேண்டிலுக்குக் கஞ்சி போட்டுட்டேன். அடச்சிக்கிச்சி. நீ இன்னா நெனப்பியோன்னு கீழ ஊத்தி வெச்சேன்."

"அப்ப நான் குடிச்சது?"

"அதுவுந்தான்."

கலைவாணி பாட்டிலைக் கவிழ்த்தாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் ரங்கையா, அதை விட்டுவிட்டுக் குழந்தையைத் தட்டிக்கொடுக்கப் போனார். அதுதான் தாட்சாயணிக்குத் தாங்க முடியவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தாள். குழந்தை வீறிட, கொதித்த தண்ணீரை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆறிடிச்சா அத்தே?"

"ஆறிடிச்சின்னு நெனக்கிறேன்" என்று டம்ளரை நீட்டினாள். "எதுக்கும் நீயே ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கம்மா."