மைனஸ் போட்ட நாட்காட்டித் தாள்

அந்த நாட்காட்டித் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் அக்காவின் பென்சில் எழுத்தில் ஒரு சமன்பாடும் அதன் கீழே ஒரு வளைகோடும். தொடங்கிய இடத்தில் கோடு கொஞ்சம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது. அங்கே வட்டமிட்டு ஒரு மைனஸ் போட்டிருக்கிறாள்.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, ஆராய்ச்சியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். திருபுவனையில் பஸ் ஏறி, ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்டி, பையை வைத்து எனக்கும் இடம் பிடித்திருப்பாள். நான் வில்லியனூரில் ஏறியதும் மடியிலேயே கணக்கு ஆரம்பமாகிவிடும். ஓர் அணுவை அதன் சுற்றுப்புறம் சும்மா விடாது. சூடு, ஒளி, அதிர்வு எல்லாம் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அத்தனையையும் கணக்கில் எழுத முடியாது என்பதால், நடந்ததைச் சுற்றுப்புறம் உடனே மறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்காவும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். விடையில் நிகழ்தகவு மைனஸில் வந்தது. மழை வர வாய்ப்பு பூஜ்ஜியத்துக்கும் கீழே என்று சொல்வது போல அபத்தம்.

சமன்பாட்டில் வேகமாக ஆடும் இரண்டு உறுப்புகளை நீக்கினால் மைனஸ் போய்விடும். எல்லோரும் செய்வதுதான், கைடும் அதையே சொன்னார். அக்கா ஒப்பவில்லை.

"அத்த தூக்கிட்டா மைனஸ் போயிடும்டி. ஆனா ஆரம்பத்துல இன்னா நடந்துச்சின்னு தெரியாது. தப்பு அந்த ரெண்டுலயா, மறந்துடுச்சின்னு நாம சொன்னதுலயா?"

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல். பட்டம் கையில் வந்தால்தான் கல்லூரி வேலை என்ற நிலை. ஃபைலை எனக்கு அனுப்பி அச்சடித்துக் கொடுக்கச் சொன்னாள். நான் அந்த இரண்டு உறுப்புகளையும் நீக்கினேன், படத்தையும் மாற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த மைனஸைக் கண்ட பயம் எனக்குத்தானோ என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் நான் மாற்றிய பக்கத்தைத்தான் தேர்வாளர்கள் பாராட்டினார்கள். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தானே எழுதியது போலப் பதில் சொன்னாள். திரும்பும் பஸ்ஸிலும் எனக்கு இடம் பிடித்திருந்தாள். வில்லியனூரில் நான் எழுந்தபோது இந்தத் தாளை நீட்டினாள். "நீயே வச்சிக்க." கோபமா, மன்னிப்பா? அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

போன வாரம் அதே கணக்கைக் கணினியில் போட்டேன். இரண்டு உறுப்புகளையும் வைத்துக்கொண்டேன். சுற்றுப்புறத்துக்குக் கொஞ்ச நேரம் ஞாபகம் இருக்கட்டும் என்று விட்டேன். கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவேயில்லை. அவள் சந்தேகப்பட்டது சரி. எனக்கு அழுகை வந்தது.

புது வளைகோட்டையும் இந்தத் தாளையும் படமெடுத்து, அக்காவின் பழைய ஃபோன் எண்ணுக்கு அனுப்பினேன். அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்றுகூடத் தெரியாது. சாயங்காலம் பதில் வந்தது.

"அன்னிக்கே அத்த அப்டியே உட்டிருக்கலாமேடி."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். வட்டத்துக்குள் மைனஸ் அப்படியே இருந்தது.