வெர்லின் ஸ்டக்கியின் ஏழாவது சான்றிதழ்

சம்மன் வந்த அன்றே வெர்லின் ஸ்டக்கி முகச்சவரத்தை நிறுத்திவிடுவார். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கே மழமழவென்று சிரைத்துக்கொண்டு, சலவைச் சட்டையும் தொப்பியுமாக வண்டியில் ஏறி, ஊரெல்லாம் கராஜ் கதவு மாட்டப் போகிறவர். கோர்ட்டில் வழக்கைக் கேட்டு ஊர்க்காரர்களே தீர்ப்புச் சொல்லும் ஜூரி வேலைக்குக் கூப்பிட்டால் மட்டும் மூன்று வாரத் தாடி, கிரீஸ் படிந்த சட்டை, நல்லாயிருக்கிற முழங்காலில் ஒரு கட்டு. "பளிச்னு போய் உக்காந்தா அமுக்கி உள்ள போட்டுருவாங்க தம்பி. மூஞ்சியப் பார்த்ததுமே இவன் நமக்கு வேணாம்னு தோணணும்" என்பார்.

அவர் வீட்டு வாசலில் இந்தத் தெருவிலேயே பெரிய தேசியக்கொடி பறக்கிறது. சூரியன் இறங்கும்போது அதை இறக்கி, முறைப்படி முக்கோணமாக மடித்து உள்ளே கொண்டுபோவார். மடிப்பு ஒரு விரற்கடை பிசகினால் மறுபடி பிரித்து மடிப்பார். "இந்த நாட்டுக்காக என் உசுரையே குடுப்பேன்" என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து என்னிடம் சொல்வார். பாவம், அவர் உயிரைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. கேட்டதெல்லாம் ஜூரிக்கு மூன்று நாள்.

அவர் கடைச் சுவரில் ஆறு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. "ஜூரிப் பணியின் மூலம் நாட்டுக்கு ஆற்றிய சேவைக்கு நன்றி" என்று ஒவ்வொன்றிலும் நீலமுத்திரையோடு எழுதியிருக்கும். நீதிமன்றத்துக்கு வந்து தலைகாட்டியவர்களுக்கெல்லாம், தேர்வானாலும் ஆகாவிட்டாலும், வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற காகிதம் அது. ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு முறையும் ஜூரி நாற்காலியில் உட்காராமல் தப்பித்து வந்திருக்கிறார். கதவுக்கு ஸ்பிரிங் வாங்க வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுப்பார்.

நான் மட்டும் என்ன யோக்கியன்? இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் சம்மன் வந்தபோது முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து வீட்டில் படுத்திருந்தவன்தான். ஆனால் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன ஏப்ரலில் எங்கள் இருவருக்கும் ஒரே திங்கட்கிழமைக்குச் சம்மன் வந்தது. நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் காத்திருப்பு அறை. போனதும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு எண் தருவார்கள். ஜூரி முறையின் பெருமையைச் சொல்லும் படம் ஒன்று போடுவார்கள். அதைப் பார்த்துப் பாதிப் பேர் தூங்குவார்கள். பிறகு கழுவாத பானையில் காய்ச்சிய காப்பியைக் குடித்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். குமாஸ்தா ஒடெஸா ப்ரூயிட் அம்மாள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, "கண்ணுங்களா, கைபேசிய அணைச்சு வைங்க. இது கோர்ட்டு, உங்க வீட்டு முற்றம் இல்ல" என்று அரை மணிக்கொரு தரம் அதட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா என்ற பெண். முதல் முறை வந்திருந்தாள். "மேல என்ன கேப்பாங்க?" என்று யாரிடமோ கேட்டுவிட்டாள். போதாதா? வெர்லின் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"பன்னெண்டு பேர் வேணும் அவங்களுக்கு. நாப்பத்தஞ்சு பேரை மேல கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொருத்தரா எழுப்பி, 'உன்னால நடுநிலையா இருக்க முடியுமா?'ன்னு கேப்பாங்க. முடியும்னு மட்டும் சொல்லிராத தாயி. சொன்னேன்னா தொலைஞ்ச."

"நிஜமாவே முடியும்னா?"

"முடிஞ்சா உன்னோட வெச்சுக்க. அவங்க கிட்ட ஏன் சொல்ற?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிலர் மனசுக்குள் குறித்துக்கொண்டதும் தெரிந்தது. "ஏழாவதுக்குச் சுவத்துல ஆணி அடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்று எனக்குக் கண்ணடித்தார். பிறகு மாடிப்படி ஏறும்போது, "ஆமா, இன்னிக்கு என்ன கேஸு? திருட்டா, கொலையா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எதுவா இருந்தா நமக்கென்ன" என்றார்.

மேலே கோரி லம்கின் என்ற இருபத்துநான்கு வயதுப் பையன் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவன். மேஸ்திரியின் வண்டிக்குத் தீ வைத்தான் என்பது வழக்கு. தான் அங்கே இல்லவே இல்லை என்கிறான். ஜாமீன் கட்ட வழியில்லாமல் அக்டோபரிலிருந்து சிறையில் கிடந்தவன். வழக்கு அந்த வாரமே முடிந்துவிடும், ஜூரி நம்பினால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தான். அவன் போட்டிருந்த கோட்டின் கை, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் அவன் அக்கா ரெனே, தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து பேரும் வலது கையைத் தூக்கி, உண்மையே சொல்வோம் என்று சத்தியம் செய்தோம். வெர்லின் கைதான் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது.

டார்லாவை எழுப்பினார்கள். ஒரு நிமிஷம் வெர்லினைப் பார்த்தாள். பிறகு, "முடியும். ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். வெர்லின் உச்சுக்கொட்டினார்.

அவர் முறை வந்தது. நீதிபதி ஹால்வர்சன் அம்மாள் ஊருக்குப் புதிது, மசிகிற ஆளில்லை. முழங்கால் வலி என்றார் வெர்லின். "குஷன் தரச் சொல்றேன், நடுவுல எழுந்து நிக்கலாம்" என்றார் அம்மாள். போலீஸ் சொன்னால் தனக்கு வேதவாக்கு என்றார். "ஆனா சாட்சி சொல்றதையும் காது குடுத்துக் கேப்பீங்கல்ல? நல்லது, உக்காருங்க" என்றார் நீதிபதி. வெர்லின் முகம் சுருங்கிவிட்டது. ஆறு முறை ஓடிய சரக்கு ஏழாவது முறை ஓடவில்லை. உட்காரப் போனவர் நிமிர்ந்தார்.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? அந்தப் பையன் ஜெயில்லயே ஒத்துக்கிட்டானாமே. நான்தான் கொளுத்தினேன்னு. ஊருக்கே தெரியும்."

கோரி பாதி எழுந்து, "நான் சொல்லல, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான். வக்கீல் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"மிஸ்டர் ஸ்டக்கி, உங்களுக்கு யார் சொன்னாங்க?" நீதிபதியின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"முடி வெட்டற கடையில பேசிக்கிட்டாங்க. யாருன்னு ஞாபகம் இல்ல."

அடப்பாவி! அரை மணிக்கு முன்னால் திருட்டா கொலையா என்று என்னிடம் கேட்ட வாய் அது. மூன்று வாரமாக அவர் முடி வெட்டும் கடைப் பக்கமே போகவில்லை என்பதற்கு அவர் தாடியே சாட்சி. நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், வேலி பொதுவேலி, எதற்கு வம்பு என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வக்கீல்கள் நீதிபதியின் மேஜைக்குப் போய்க் கிசுகிசுத்தார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அப்படியொரு பேச்சைக் காதில் வாங்கிய நாற்பத்தைந்து பேரில் யாரையும் இனி இந்த வழக்குக்கு எடுக்க முடியாது. வேறு கூட்டமும் கையில் இல்லை. வழக்கு ஜூலைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. நீதிபதி வெர்லினை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, எல்லோரும் போகலாம் என்றார். காவலர் கோரியைப் பக்கத்து வாசல் வழியாகக் கூட்டிப் போனார். அவன் திரும்பி அக்காவைப் பார்க்க முயன்றான், அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

மாடிப்படியில் வெர்லினைப் பிடித்தேன். "காலைல என்ன கேஸுன்னு என்னைக் கேட்டீங்களே?"

"அது காலைல" என்றார். "உன்னையும் சேத்துத்தான்யா காப்பாத்தி விட்டிருக்கேன். ஒரு நன்றி உண்டா?"

கீழே ஒடெஸா அம்மாள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெர்லினுடையதைக் குத்தும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. மை சரியாக விழவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை அழுத்திக் குத்தச் சொன்னார். குத்தினாள். முத்திரை ஈரமாகப் பளபளத்தது.

அவருக்குப் பின்னால் ரெனே வந்து நின்றிருந்தாள். தம்பி சிறை உடைக்கு மாறியதும் காவலர் வாங்கி வந்து கொடுத்த அந்தக் கோட்டு அவள் கையில் தொங்கியது. கடையில் திருப்பிக் கொடுப்பதற்காகக் கிழிக்காமல் விட்ட விலைச்சீட்டு, கோட்டின் கைக்குள்ளிருந்து நூலோடு வெளியே வந்திருந்தது. "ஜூலையில எந்தத் தேதி?" என்று ஜன்னலில் கேட்டாள்.

வெர்லின் சான்றிதழை இரண்டு கையாலும் மட்டமாக ஏந்திக்கொண்டு வாசல் கதவை நோக்கி நடந்தார். கதவருகில் நின்று, திரும்பி ரெனேயைப் பார்த்தார்.

"அம்மாடி, இந்தக் கதவைக் கொஞ்சம் தொறந்து விடேன். மை இன்னும் காயல."

அவள் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்து பிடித்தாள். காகிதம் எங்கும் உரசிவிடாதபடி அவர் பக்கவாட்டில் திரும்பி, முத்திரையை உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே வெளியேறினார்.